யோசித்தால் எடை குறையுமா? மூளையின் கலோரிக் கணக்கு

சதுரங்கப் போட்டி நாளில் ஓர் ஆட்டக்காரர் 6000 கலோரி வரை எரிக்கக்கூடும் என்ற செய்தி 2019இல் உலகெங்கும் பரவியது. ஈஎஸ்பிஎன் தளத்தில் வந்த கட்டுரை அது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நரம்பியல் அறிஞர் ராபர்ட் சபோல்ஸ்கி சொன்ன எண்ணாக அது அதில் இடம்பெற்றிருந்தது. கூடவே இரண்டு செய்திகள். ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் மிகைல் அன்திபோவ் 2018இல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஆடியதில் 560 கலோரி எரித்ததாக ஒரு இதயத்துடிப்புக் கருவி காட்டியது. 1984இல் தொடங்கிய உலகப் பட்டப் போட்டியில் அனத்தோலி கார்போவ் சுமார் 10 கிலோ இளைத்துப்போனார்.

இதைப் படித்தவர்கள் இயல்பாகவே கேட்ட கேள்வி: அப்படியானால் மூளைக்கு வேலை கொடுத்தே எடையைக் குறைக்கலாமா? இல்லை என்பதுதான் பதில். ஆனால் கார்போவ் இளைத்தது உண்மை. நாள் முழுக்கப் படித்தவருக்கு வரும் களைப்பும் உண்மை. படித்து முடித்ததும் வயிற்றைக் கிள்ளும் பசியும் உண்மை. இவற்றுக்கெல்லாம் காரணம் மூளையின் எரிபொருள் செலவு இல்லையென்றால் வேறு என்ன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அலகு, பிறகு அடிப்படைச் செலவு

உணவுப் பொட்டலத்திலும் பேச்சிலும் ‘கலோரி’ என்று சொல்வது அறிவியலில் கிலோகலோரி. இந்தக் கட்டுரையிலும் கலோரி என்றால் அதுதான். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7700 கலோரி சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது.

எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல், எடையில் கிலோவுக்கு மணிக்கு 1 கலோரி எரிக்கும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். 65 கிலோ உள்ளவருக்கு மணிக்கு 65 கலோரி. இந்த அளவை ஒரு ‘மெட்’ என்பார்கள். விறுவிறுவென்று நடப்பது 4 மெட், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவது சுமார் 10 மெட்.

இந்த அடிப்படைச் செலவில் மூளையின் பங்கு அதன் அளவுக்குச் சற்றும் பொருந்தாதது. மூளையின் எடை சுமார் 1.4 கிலோ, அதாவது உடலில் 2 விழுக்காடு. அது எடுத்துக்கொள்வதோ ஓய்வு நேரச் செலவில் 20 விழுக்காடு. நாளுக்கு சுமார் 300 கலோரி. மின்கணக்கில் சொன்னால் 15 வாட் அளவில் இடைவிடாது எரியும் ஒரு விளக்கு.

‘மூளை இவ்வளவு தின்கிறது, ஆகவே அதிகம் யோசித்தால் அதிகம் எரியும்’ என்ற முடிவுக்குப் பலரும் தாவுவது இந்த இடத்தில்தான். 20 விழுக்காடு என்பது நீங்கள் யோசிப்பதற்கான விலை என்றால் அந்த முடிவு சரியாக இருக்கும். அது அப்படிப்பட்ட விலை இல்லை.

அந்த 300 கலோரி எங்கே போகிறது?

நரம்பணுவின் உள்ளே பொட்டாசியமும் வெளியே சோடியமும் அதிகமாக இருக்க வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வுதான் அதன் மின்னழுத்தம். ஒவ்வொரு சமிக்ஞையின்போதும் சோடியம் உள்ளே புகுந்துவிடும். அதை வெளியேற்ற நரம்பணுவின் சுவரில் பம்புகள் இருக்கின்றன. ஒரு சுழற்சிக்கு 3 சோடியம் வெளியே, 2 பொட்டாசியம் உள்ளே, செலவு ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு ஒன்று. மூளையின் எரிபொருளில் பெரும்பகுதி இந்தப் பம்புகளுக்கும், நரம்பணுக்கள் சந்திக்கும் இணைப்புகளில் நடக்கும் வேலைக்குமே போகிறது. மீதி, உயிரணுக்களைப் பழுதுபார்த்து உயிரோடு வைத்திருக்க.

இந்தச் சமிக்ஞைப் போக்குவரத்து நீங்கள் கணக்குப் போடும்போது மட்டும் நடப்பதில்லை. சுவரை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் மூளை நினைவுகளைப் புரட்டுகிறது, உடலைக் கவனிக்கிறது, அடுத்து என்ன என்று கணிக்கிறது. சும்மா இருக்கும்போதே சேர்ந்து துடிக்கும் பகுதிகள் உண்டென்பதை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்கஸ் ரெய்க்கில் குழு 2001இல் தெளிவாக்கியது. ஒரு வேலையில் மனத்தைச் செலுத்தினால் அந்தப் பகுதிகள் அடங்கி, வேறு பகுதிகள் கூடுகின்றன. மொத்தச் செலவு ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது.

மூளையின் செலவைப் பெரிய அளவில் மாற்ற வேண்டுமானால் யோசனையை மாற்றினால் போதாது, விழிப்பு நிலையையே மாற்ற வேண்டும். ஆழ்ந்த தூக்கத்தில் குளுக்கோஸ் பயன்பாட்டில் சுமார் 40 விழுக்காடு வரை குறைந்துவிடும். பொது மயக்க மருந்தில் ஏறத்தாழ பாதியாகும். கனவு காணும் தூக்கத்தில் மறுபடி விழிப்பு நிலைக்கே ஏறிவிடும்.

மூளைப் படங்களில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பகுதி ‘எரிவதை’ப் பார்த்தவர்களுக்கு இது நம்பக் கடினம். அந்த நிறங்கள் அடிப்படை அளவைக் கழித்துவிட்டு, மிஞ்சிய சிறு வித்தியாசத்துக்கு மட்டும் பூசப்படுபவை. கழித்தது படத்தில் தெரியாது. அந்தப் படத்தை வைத்து மூளையின் செலவை எடைபோடுவது அலையைப் பார்த்துக் கடலின் ஆழத்தைச் சொல்வது மாதிரி.

கூட யோசித்தால் எவ்வளவு கூடும்?

நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதை அளந்துவருகிறார்கள்.

1. 1909: அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பெனடிக்டும் கார்பென்டரும் 22 மாணவர்களை வெப்பம் அளக்கும் மூடிய அறையில் உட்காரவைத்து உண்மையான பரீட்சையே எழுத வைத்தார்கள். இன்னொரு நாள் அதே மாணவர்கள் அச்சிட்ட பக்கத்தைப் பார்த்து எழுதினார்கள். இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. கட்டுப்பாட்டு நாளிலும் எழுத வைத்ததுதான் இந்தச் சோதனையின் அழகு. இல்லையென்றால் கையசைவின் செலவு மூளையின் பெயரில் ஏறியிருக்கும்.

2. 1930: பாஸ்டனில் ஃபிரான்சிஸ் பெனடிக்டும் அவர் மனைவி கார்னீலியாவும் சோதனைக்கு வந்தவர்களைக் கடுமையான பெருக்கல்களை மனக்கணக்காகப் போடவைத்து, மூச்சில் ஆக்சிஜன் எவ்வளவு செலவாகிறது என்று பார்த்தார்கள். முழு உடலின் செலவு கூடியது சுமார் 4 விழுக்காடு. ஒரு மணி நேரத் தீவிர யோசனைக்குப் பாதி வேர்க்கடலை போதும் என்று அவர்கள் சொன்னது இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது.

3. 1955: லூயிஸ் சொக்கோலாஃபும் சீமோர் கெட்டியும் சேர்ந்த குழு, மூளைக்குள் போகும் ரத்தத்தையும் வெளிவரும் ரத்தத்தையும் ஒப்பிட்டு மூளையை மட்டும் தனியாக அளந்தது. மனக்கணக்கின்போது மூளையின் மொத்த ஆக்சிஜன் செலவில் மாற்றம் தெரியவில்லை.

4. பிந்தைய ஸ்கேன் ஆய்வுகளை எடைபோட்டு ரெய்க்கில் சொன்னது: ஒரு வேலையில் ஈடுபடும்போது மூளையின் செலவு கூடுவது 5 விழுக்காட்டுக்கும் குறைவு.

இரண்டாவதும் மூன்றாவதும் முரண்படுவதுபோலத் தோன்றும். மூளை மாறவில்லையென்றால் உடல் எப்படி 4 விழுக்காடு கூடியது? இதயம் சற்று வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மாறுகிறது, கழுத்தும் தாடையும் தோளும் இறுகுகின்றன. பாதி வேர்க்கடலையில்கூடப் பெரும்பங்கு மூளைக்குப் போகவில்லை.

எடையாக மாற்றிப் பார்த்தால்

65 கிலோ உள்ள ஒருவர் தினமும் 8 மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டு வேலை செய்கிறார் என்று வைப்போம்.

1. உடல் முழுக்க 4 விழுக்காடு கூடுவதாக: மணிக்கு 65 கலோரியில் 2.6. எட்டு மணி நேரத்துக்கு சுமார் 21 கலோரி, ஏறக்குறைய ஒரு மாரி பிஸ்கெட்.
2. மூளையில் மட்டும் 5 விழுக்காடு கூடுவதாக: மணிக்கு 12.5 கலோரியில் 0.6. எட்டு மணி நேரத்துக்கு 5 கலோரி.
3. ஒரு கிலோ கொழுப்பு கரைய, முதல் கணக்குப்படி தீபாவளி, பொங்கல்கூட விடாமல் ஓராண்டுக்குச் சற்று அதிகம். இரண்டாவது கணக்குப்படி நான்கு ஆண்டுக்கு மேல்.
4. இடையில் 60 மில்லி பாலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையும் போட்ட ஒரு டீ குடித்தால் 80 கலோரி. மூளையின் பதினாறு நாள் கூடுதல் உழைப்பு அந்த ஒரு கிளாஸில் முடிந்தது.

ஒப்பீட்டுக்கு இன்னொரு அளவு. மேயோ கிளினிக்கின் ஜேம்ஸ் லெவைன் குழு 2000இல் வெளியிட்ட ஆய்வில், அசையாமல் உட்கார்ந்தால் படுத்திருப்பதைவிட 4 விழுக்காடுதான் செலவு கூடியது. உட்கார்ந்தபடியே கைகாலை ஆட்டிக்கொண்டிருந்தால் 54 விழுக்காடு. மணிக்கு 30 கலோரிக்கு மேல் வித்தியாசம். படிக்கும்போது பிள்ளை காலாட்டுகிறான் என்று வீட்டில் திட்டுகிறார்கள். கலோரிக் கணக்கில் அவன் படிப்பைவிட அவன் காலாட்டல் பன்னிரண்டு மடங்கு பெரியது.

6000 ஏன் சாத்தியமில்லை

ஆட்டத்துக்கு 7 மணி நேரம் என்று தாராளமாகவே கொடுப்போம். மீதி 17 மணி நேரத்துக்கு 1500 கலோரி. அப்போது ஆட்ட நேரத்தில் 4500 எரிந்தாக வேண்டும், மணிக்கு சுமார் 640. இது 65 கிலோ ஆளுக்கு 10 மெட், அதாவது ஏழு மணி நேரம் நிற்காமல் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதற்குச் சமம். அந்தச் செலவுக்கு நிமிடத்துக்கு 2 லிட்டருக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும், ஓய்வில் இழுப்பதைப்போல் பத்து மடங்கு. இப்படி எரிப்பவர் வாய் திறந்து மூச்சு வாங்குவார், சட்டை நனைந்து பிழியலாம்.

இதைவிட உறுதியான தடை ரத்த ஓட்டம். மூளைக்கு நிமிடத்துக்கு சுமார் 750 மில்லி ரத்தம் போகிறது. நூறு மில்லி ரத்தத்தில் 20 மில்லி ஆக்சிஜன் வீதம், மொத்தம் 150 மில்லி. அதில் மூளை எடுத்துக்கொள்வது சுமார் 50 மில்லி. ஒரு பேச்சுக்கு, வந்ததில் ஒரு சொட்டு விடாமல் 150 மில்லியையும் உறிஞ்சிவிட்டதென்றே வைப்போம். ஒரு லிட்டர் ஆக்சிஜன் சுமார் 5 கலோரிக்குச் சமம் என்பதால் மணிக்கு 45 கலோரிதான் வரும், ஏழு மணி நேரத்துக்கு 315. தேவைப்படும் 4500 எங்கே, இது எங்கே! இவ்வளவு கலோரியை எரிக்கக்கூடிய உறுப்பு உடலில் தசை மட்டுமே. அது நாற்காலியில் சும்மா இருக்கிறது.

உடலுழைப்புகளின் செலவைத் தொகுத்த பட்டியல்களில் உட்கார்ந்து சதுரங்கம் ஆடுவதற்கு 1.5 மெட், உட்கார்ந்து படிப்பதற்கு 1.3 மெட் கொடுத்திருக்கிறார்கள். ஏழு மணி நேர ஆட்டம் சுமார் 680 கலோரி. நாள் மொத்தம் 2200 அளவில் வரும், அலுவலகம் போகும் எவருக்கும் ஆவதுபோல.

560 காட்டிய கருவி

மணிக்கட்டிலோ மார்பிலோ கட்டும் கருவி கலோரியை அளப்பதில்லை. இதயத்துடிப்பை அளந்து, வயது, எடை, பாலினம் ஆகியவற்றைச் சூத்திரத்தில் போட்டுக் கணிக்கிறது. அந்தச் சூத்திரம் ஓட்டம், சைக்கிள் போன்ற உடற்பயிற்சிகளில் எடுத்த தரவுகளிலிருந்து வந்தது. ஓடும்போது தசை ஆக்சிஜன் கேட்கிறது, அதற்காக இதயம் வேகமெடுக்கிறது. துடிப்பும் செலவும் கைகோத்துப் போகும்.

பதற்றத்தில் அந்த உறவு அறுந்துவிடுகிறது. கடிகாரத்தில் அரை நிமிடம் மிச்சமிருக்கும் ஆட்டக்காரருக்கு அட்ரினலின் சுரந்து துடிப்பு 120க்கு ஏறலாம். தசை எதுவும் கேட்கவில்லை. கருவிக்கு இது தெரியாது. 120 என்றால் விறுவிறு நடை என்று எழுதிவைக்கும். அன்திபோவுக்குக் காட்டிய மணிக்கு 280 கலோரி சரியாக அந்த அளவுதான். திகில் படம் பார்த்தாலும், நேர்முகத் தேர்வுக்குக் காத்திருந்தாலும், காபி குடித்தாலும் இதே பிழை வரும்.

உடற்பயிற்சியிலேயே இந்தக் கருவிகள் தடுமாறுகின்றன. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2017இல் ஏழு கைப்பட்டைகளைச் சோதித்தபோது, இதயத்துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே அளந்தன. கலோரியில் மிகச் சிறந்ததே சராசரியாக 27 விழுக்காடு பிழை காட்டியது, மோசமானது 93 விழுக்காடு. உண்மையான செலவு தெரிய வேண்டுமானால் முகமூடியோ தலையை மூடும் கூண்டோ பொருத்தி, மூச்சில் ஆக்சிஜனும் கரியமில வாயுவும் எவ்வளவு என்று அளக்க வேண்டும்.

கார்போவின் 10 கிலோ

கார்போவும் கேரி காஸ்பரோவும் மாஸ்கோவில் 1984 செப்டம்பரில் தொடங்கிய போட்டி, ஆறு வெற்றி பெற்றவருக்கே பட்டம் என்ற விதியால் முடிவில்லாமல் இழுத்தது. 48 ஆட்டங்களுக்குப் பிறகு 1985 பிப்ரவரி 15 அன்று உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவர் காம்போமானஸ் முடிவு அறிவிக்காமலே அதை நிறுத்தினார். ஐந்து மாதத்துக்குச் சற்று அதிகம், சுமார் 158 நாள்.

இழந்த பத்து கிலோவும் கொழுப்பு என்றே வைத்தாலும் 77,000 கலோரி. அதை 158ஆல் வகுத்தால் நாளுக்கு 490. ஒரு நாளைக்கு ஒரு வேளை உணவு சரியாக இறங்கவில்லை என்றாலே இந்தப் பற்றாக்குறை வந்துவிடும். இழந்ததில் ஒரு பங்கு தசையும் நீருமாக இருந்தால் இன்னும் குறைவே போதும், ஏனென்றால் அவற்றில் கிலோவுக்கு உள்ள கலோரி குறைவு. ஆக, அவருடைய இளைப்பை விளக்க 6000 கலோரி தேவையே இல்லை. நீண்ட மன அழுத்தம் பசியை அடக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், வயிற்றைக் கலக்கும். அந்த வழியில் எடை இறங்குவது மருத்துவர்கள் நாள்தோறும் பார்ப்பது.

பரீட்சை வாரத்தில் இரண்டே நாளில் ஒன்றரைக் கிலோ குறைந்தால் அது வேறு சங்கதி. கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாக 400 முதல் 500 கிராம் மாவுச்சத்து இருப்பில் இருக்கும். ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்துவைத்திருக்கும். சாப்பாட்டைத் தவிர்த்தால் கிளைக்கோஜன் கரைந்து நீரும் வெளியேறும். ஒழுங்காகச் சாப்பிட்ட மறுநாளே எடைக்கருவியின் முள் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

களைப்பும் பசியும்

எரிபொருள் தீரவில்லையென்றால் ஏன் களைக்கிறது? மன உறுதி குளுக்கோஸைத் தின்கிறது, சர்க்கரைத் தண்ணீர் குடித்தால் திரும்புகிறது என்ற கருத்து 2007க்குப் பிறகு சில ஆண்டுகள் பிரபலமாக இருந்தது. அது நிற்கவில்லை. சர்க்கரைக் கரைசலை விழுங்காமல் வாய் கொப்புளித்துத் துப்பினாலே அதே பலன் தெரிந்தது. அந்தக் கருத்துக்கு ஆதாரமான மன உறுதித் தேய்மானத்தையே, அதாவது மன உறுதி பயன்படுத்தப் பயன்படுத்தக் குறையும் என்பதையே, 2016இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து சோதித்தபோது விளைவு பூஜ்யத்தை ஒட்டி நின்றது.

2022இல் பாரிஸ் ஆய்வாளர்கள் இன்னொரு விளக்கம் வைத்தார்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் கடினமான மனவேலை செய்தவர்களின் முன்மூளையின் பக்கப் பகுதியில் குளூட்டமேட் என்ற சமிக்ஞைப் பொருள் தேங்கியிருந்தது. அது தேங்கினால் அந்தப் பகுதியை மேலும் இயக்குவது கடினமாகிறது, ஆகவே மூளை எளிதான வேலையைத் தேடுகிறது. முடிந்த முடிவு என்று சொல்ல இன்னும் ஆய்வுகள் வர வேண்டும். ஆனால் கலோரிப் பற்றாக்குறையைவிடக் களைப்புக்கு இது பொருத்தமான விளக்கம்.

பசிக்கு நேரடியான சோதனையே உண்டு, எடையைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமானது. கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தில் ஷபுவும் டிரெம்பிளேயும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் 14 மாணவிகள் மூன்று தனித்தனி நாளில் 45 நிமிடம் மூன்று விதமாகக் கழித்தார்கள்: சும்மா உட்கார்ந்து, ஒரு கட்டுரையைப் படித்துச் சுருக்கி எழுதி, கணினியில் தொடர் தேர்வுகள் செய்து. பிறகு வேண்டிய அளவு சாப்பிடவிட்டார்கள். மனவேலை கூடுதலாக எரித்தது 3 கலோரி. கூடுதலாகச் சாப்பிட்டது படித்து எழுதிய நாளில் 203, தேர்வு நாளில் 253 கலோரி. அந்த இரண்டு நாளிலும் ரத்தச் சர்க்கரையும் இன்சுலினும் ஓய்வு நாளைவிட அதிகமாக ஏறி இறங்கின.

சிறிய ஆய்வுதான். இருந்தாலும் மனவேலை எடையைத் தொடும் வழி எது என்று அது காட்டுகிறது: மண்டை வழியாக இல்லை, வாய் வழியாக, அதுவும் ஏறுமுகமாக.

மூளையின் பசி உடலை மாற்றும் வயது

ஒரு பருவத்தில் மட்டும் மூளையின் தேவை உடலின் வளர்ச்சியோடு மல்லுக்கு நிற்கிறது. கிரிஸ்டஃபர் குசாவா குழு 2014இல் வெளியிட்ட கணக்குப்படி ஐந்து வயதை ஒட்டிய குழந்தையின் ஓய்வுச் செலவில் சுமார் 66 விழுக்காட்டை மூளையே எடுத்துக்கொள்கிறது. அந்த வயதில் குழந்தையின் எடை மிக மெதுவாக ஏறுவதும் அப்போதுதான். அங்கேயும் காரணம் குழந்தை அதிகம் யோசிப்பது இல்லை, மூளையில் இணைப்புகள் பெருகி நிற்பது.

படிப்பவர்களுக்கும் வீட்டாருக்கும்

1. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும், கூடுதல் சாப்பாடு வேண்டாம். விளையாட்டு நின்றுபோவதால் அவர்களின் தேவை உண்மையில் குறைகிறது.
2. குளுக்கோஸ் பொடி கரைத்துக் கொடுப்பதால் மூளைக்குக் கூடுதலாக எதுவும் போய்ச் சேராது. ரத்தத்தில் எந்நேரமும் இருப்பது சுமார் 5 கிராம் குளுக்கோஸ்தான், குறையக் குறையக் கல்லீரல் நிரப்பும். பல நாள் பட்டினியில்கூடக் கொழுப்பிலிருந்து வரும் கீட்டோன்களைக் கொண்டு மூளை சமாளித்துக்கொள்கிறது.
3. படித்து முடித்த அரை மணிக்குள் வரும் பசியைக் கொஞ்சம் சந்தேகிக்கலாம். பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்தும் பசித்தால் சாப்பிடலாம்.
4. கைக்கடிகாரம் காட்டும் கலோரியை வைத்துச் சாப்பாட்டைக் கூட்ட வேண்டாம், முக்கியமாகப் பதற்றமான வேலைநாட்களில்.
5. இன்சுலினோ, சர்க்கரையை வெகுவாகக் குறைக்கும் சல்ஃபோனில்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு மேலே சொன்னது பொருந்தாது. படிப்பிலோ வேலையிலோ மூழ்கி உணவைத் தள்ளிப்போட்டால் ரத்தச் சர்க்கரை 70க்கு (டெசிலிட்டருக்கு மில்லிகிராம்) கீழே இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, எழுத்துகள் மங்குவது, சொன்னதே புரியாமல் போவது ஆகியவை வந்தால் அதை யோசித்த களைப்பு என்று விட்டுவிடக் கூடாது. உடனே 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். 70க்கு மேல் ஏறவில்லையென்றால் இன்னொரு முறை அதே அளவு.